ஈரக் கல்லு சுடுமா?

எட்டு மணிச் சங்கு ஊதுவதற்குள் அக்கா எங்கள் ஷெட்டில் இருபது பொருளையாவது தொட்டிருப்பாள். கேட்டுக் கம்பி, வாட்ச்மேனின் சைக்கிள் சீட்டு, தண்ணீர்ப் பானை, முந்தின நாள் சூளையிலிருந்து இறக்கிய கல்லடுக்கு, என் சாப்பாட்டுத் தூக்கு, எதையும் விடமாட்டாள். சூடு பார்க்கப் புறங்கை. மற்றதற்கெல்லாம் விரல் நுனி.

"உள்ளங்கை இன்னாத்துக்கு ஆவும்? கல்லு தூக்கித் தூக்கி அது செத்துப் போச்சி. இந்தப் பக்கம்தான் இன்னும் உசுரோட கீது" என்று கையைத் திருப்பிக் காட்டுவாள்.

அவள் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. எழுதினால், "என் பேர எதுக்குடா பேப்பர்ல போட்டே?" என்று எங்கிருந்தாவது வந்து நிற்பாள். மேனேஜர் முதல் வாட்ச்மேன் வரை எல்லோருக்கும் அவள் அக்காதான். முப்பத்தைந்து வயதிருக்கும். பழவேற்காடு ஏரியில் வலை போடுகிற குடும்பம். புருஷன் படகில் போவான். இவள் பஸ் ஏறிக் கும்மிடிப்பூண்டிக்கு வருவாள்.

எழுபதுகளின் முதல் பாதி. பொட்டல்வெளியில் மாதத்துக்கொரு ஷெட்டு எழும்பிக்கொண்டிருந்த காலம். எங்கள் கம்பெனியில் நெருப்புக்கல் செய்தோம். இரும்பு காய்ச்சுகிற உலையின் உட்சுவரில் பதிக்கிற கல். நான் டிப்ளமா முடித்துவிட்டு டிரெயினி சூபர்வைசராகச் சேர்ந்திருந்தேன். திருப்பாச்சூர் பக்கம் நெல் விளைவிக்கிற வீடு எங்களுடையது. அந்த வீட்டில் பள்ளிக்கூடத்தில் கால் வைத்த முதல் ஆள் நான். அதனாலோ என்னவோ, அச்சடித்த எதையும் சந்தேகப்பட எனக்குத் தெரியாது. சட்டைப் பையில் ஒரு சின்ன நோட்டுப் புத்தகம் வைத்திருப்பேன். மீட்டர் என்ன சொன்னாலும் அதில் ஏறிவிடும். அக்கா என்னைத் தம்பி என்றோ சார் என்றோ கூப்பிட்டதில்லை. டிப்ளமா என்றுதான் கூப்பிடுவாள்.

"இன்னா டிப்ளமா, இன்னிக்குக் கத்திரிக்காயா?" என்று ஒருநாள் என் தூக்கைத் தொட்டுவிட்டுக் கேட்டாள்.

எனக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. "எப்படிக்கா? தொட்டா காய்கூடத் தெரியுமா?"

"மூக்கு எதுக்கு கீது?" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

அவள் தொடுவதைப் பொறுக்காதவர்களும் இருந்தார்கள். "ஏம்மா, தள்ளி நில்லு" என்று முகத்துக்கு நேரே சொன்னவர்கள் உண்டு. அக்கா அதற்கு அசரமாட்டாள். "நீ இன்னா பலாப்பழமா, தொட்டா ஒட்டிக்கினு வர்றதுக்கு?" என்பாள்.

ஒருமுறை இருவரும் ஒரே பஸ்ஸில் போனோம். புதுவாயலில் டிரைவர் டீ குடிக்க இறங்கியிருந்தார். டிரைவர் சீட்டுக்குப் பக்கத்தில் இன்ஜினை மூடியிருக்கும் அந்தப் பெரிய பெட்டியின் மேல் அக்கா புறங்கையை வைத்தாள். உடனே எடுத்துவிட்டாள். டிரைவர் ஏறியதும், "டிரைவரண்ணே, இன்ஜினுக்குத் தண்ணி காட்டு. ரொம்பக் கொதிக்குது" என்றாள்.

"டிக்கெட்டு எடுத்துட்டியா?"

"எடுத்துட்டேன்."

"அப்ப குந்து."

இரண்டு மைல் தாண்டுவதற்குள் முன்பக்கமெல்லாம் வெள்ளை வெளேரென்று ஆவி. எல்லோரும் இறங்கி ரோட்டோரம் நின்று டிரைவரைத் திட்டினார்கள். அக்கா மட்டும் திட்டவில்லை. தன் சோற்றுத் தூக்கைக் காலி செய்து, பக்கத்து வயல் வாய்க்காலில் தண்ணீர் மொண்டுவந்து டிரைவரிடம் நீட்டினாள். "இந்தா. ஆறவுட்டு ஊத்து. இதுக்கும் டிக்கெட்டு எடுக்கணுமா?"

அவள் தொட்டுச் சொன்னதெல்லாம் பலித்தது என்று நினைத்துவிடக் கூடாது. வெயிலில் நடந்துவந்த மேனேஜரின் நெற்றியைத் தொட்டு, "ஐயா, ஒடம்பு நெருப்பா கொதிக்குது" என்று அலறி, அந்த மனிதரை மதியம்வரை பெஞ்சில் படுக்கவைத்துக் கஞ்சி கொடுத்தாள். அவருக்கு ஒன்றுமே இல்லை. இன்னொரு நாள் சூளைக் கல்லை "ஆறிப்போச்சி" என்று சொல்லி எடுத்து, கை கொப்பளித்து ஒரு வாரம் துணி சுற்றிக்கொண்டு திரிந்தாள். ஆனாலும் தொடுவதை விடவில்லை. துணி சுற்றாத கையால் தொட்டாள்.

இப்போது அந்த மிஷினுக்கு வருகிறேன்.

உலையின் வளைவுக்குக் கட்டுகிற கல் நேர்ச்சதுரமாக இருந்தால் உதவாது. ஒருபக்கம் ஒடுங்கி ஆப்பு மாதிரி இருக்கவேண்டும். அதற்காக எங்களிடம் கல் அறுக்கும் மின்சார ரம்பம் ஒன்று இருந்தது. ஷெட்டில் எல்லோரும் கட்டிங் மிஷின் என்போம். ஒரு இரும்பு மேஜை. அதன்மேல் சோற்றுத் தட்டைவிடப் பெரிய எஃகுச் சக்கரம். அதுதான் பிளேடு. விளிம்பில் வைரப் பொடி பதித்தது. வெளிநாட்டிலிருந்து கப்பலில் வந்தது. அது ஒன்றுதான் இருந்தது, மாற்றுக்கு வேறு கிடையாது. பின்னால் ஒரு மோட்டார் பெல்ட்டு போட்டு அதைச் சுற்றும். பிளேடின் மேல் தண்ணீர் விழுந்துகொண்டே இருக்கும். கல்லை மேஜையில் வைத்து மெள்ளத் தள்ளினால் 'ஸ்ஸ்ஸ்' என்று அறுத்துக்கொண்டு போகும்.

அதை ஓட்டிக்கொண்டிருந்த ஆள் துறைமுகத்து வேலைக்குப் போய்விட்டான். நான்கு நாள் மிஷின் சும்மா கிடந்தது. ஐந்தாம் நாள், அதுவரை தலையில் கல் சுமந்துகொண்டிருந்த அக்கா மேனேஜர் முன்னால் போய் நின்றாள். "ஐயா, நான் அத தொடலாமா?"

மேனேஜர் விளையாட்டாக, "தொட்டுத்தான் பாரேன்" என்றார்.

அவ்வளவுதான். அன்று மாலை அவள் அறுத்த கற்களை நான் ஸ்கேல் வைத்து அளந்தேன். ஒன்றுகூடத் தப்பவில்லை. பழைய ஆள் அறுத்ததில் பத்துக்கு ஒன்று தப்பும். சிலிர்த்துப்போய் நோட்டில் எழுதிக்கொண்டேன். மூன்று மாதம் அக்கா அந்த மிஷினில் ராணி மாதிரி இருந்தாள். காலையில் வந்ததும், சுவிட்சு போடுவதற்கு முன்னால், பிளேடின் முகத்தை விரல் நுனியால் ஒரு சுற்றுத் தடவிப் பார்ப்பாள். சாயங்காலம் நிறுத்தி, பிளேடு அசையாமல் நின்றபிறகு புறங்கையால் தொடுவாள். "ஏரியிலேர்ந்து எடுத்த மீனு மாரி ஜில்லுனு கீது பாரு!" நான் பயந்துபோய், சுற்றும்போது தொட்டுவிடாதே அக்கா என்றால், "நின்னதத்தான் தொடுவேன். சுத்துறத தொட எனக்கு இன்னா பைத்தியமா?" என்பாள்.

எங்கள் ஃபிட்டருக்கு இது பிடிக்கவில்லை. பள்ளிப்பட்டுக்காரர், எல்லோரையும் நைனா என்பார், வேலையில் கைகாரர். அந்த மிஷினில் தன் மச்சானை உட்காரவைக்க அவருக்கு ஆசை.

அப்படியிருக்கும்போது ஆயுத பூஜை வந்தது.

ஷெட்டெல்லாம் கழுவி, மாவிலை கட்டி, மிஷின் ஒவ்வொன்றுக்கும் வாழைக்கன்று. அக்கா வாளியும் துணியுமாகக் கட்டிங் மிஷின் பக்கம் போனாள். ஃபிட்டர் குறுக்கே நின்றார். "இன்னிக்கு நீ தொடவேணாம். பொம்பளைங்கல்லாம் அப்டி குந்தி பொரி மடிங்க. மிஷின நாங்க பாத்துக்கறோம்."

"தெனம் தொடுறேன். இன்னிக்கு மட்டும் இன்னா?"

"இன்னிக்கு பூஜை."

அக்கா போய், பழைய பேப்பரில் பொரியும் கடலையும் வெல்லமும் வைத்துப் பொட்டலம் மடிக்க உட்கார்ந்தாள். மடித்த ஒவ்வொரு பொட்டலத்தையும் முதுகில் அறைகிற மாதிரி அறைந்து வைத்தாள்.

ஃபிட்டர் பிளேடைக் கழற்றி என் கையில் கொடுத்து, "நைனா, பளபளன்னு ஆக்கு" என்றார். மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்தேன். கண்ணாடி மாதிரி ஆனது. சந்தனம் வைக்கவேண்டும். பிளேடின் ஒரு முகத்தில் வெளிநாட்டு எழுத்துகள் வெட்டியிருந்தன. இன்னொரு முகம் வெறும் எஃகு. நான் எழுத்துள்ள முகத்தைப் பார்த்தேன். அன்றைக்குச் சரஸ்வதி பூஜையும் அல்லவா? அன்று எழுத்தைப் படிக்கக் கூடாது, தொடக் கூடாது. என் புத்தகங்களைக்கூட ஊரில் அம்மா சாமி படத்துக்கு முன்னால் அடுக்கியிருப்பாள். எழுத்தின் மேல் சந்தனத்தை அப்ப எனக்கு மனம் வரவில்லை. படிக்கவும் இல்லை. பிளேடைத் திருப்பி, வெறும் முகத்தில் அழகாகச் சந்தனம் பூசி மூன்று குங்குமப் பொட்டு வைத்தேன். எழுத்து முன்னால் வருகிற மாதிரி பழையபடியே மாட்டினேன்.

ஃபிட்டர் பார்த்துவிட்டுக் கத்தினார். "நைனா, பொட்டு எங்க? மேனேஜர் ஆரத்தி காட்டும்போது பிளேடு முதுகக் காட்டிக்கினு நிக்குமா? பொட்டு முன்னால வரணும். திருப்பிப் போடு!"

திருப்பிப் போட்டேன். மேனேஜர் கற்பூரம் காட்டி, "ரொம்ப லட்சணமா இருக்குப்பா" என்றார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. அதன்பிறகு ஃபிட்டர் பிளேடுக்கு மேல் புதிதாகச் செய்த இரும்பு மூடியைப் போட்டு, நான்கு போல்ட்டையும் இறுக்கினார். இனிமேல் மூடி போட்டுத்தான் ஓட்டவேண்டும் என்று ஆபீஸில் உத்தரவு. அது நல்ல உத்தரவுதான். ஆனால் கல்லை வெட்டுகிற கீழ் விளிம்பு மட்டும்தான் இப்போது வெளியே தெரிந்தது; பிளேடின் முகத்துக்கு அக்காவின் விரல் இனி எட்டாது.

லீவு முடிந்து வேலை தொடங்கிய முதல் நாளே, டீ வருவதற்கு முன்னால் மோட்டார் நின்றுவிட்டது. கிட்டே போனால் வார்னிஷ் கருகுகிற வாடை. தொட முடியாத சூடு.

"பேரிங்கு" என்றார் ஃபிட்டர். கிரீஸ் அடைத்தார். அரைமணி ஓடியது, நின்றது.

அடுத்த நாள் என் முறை. உண்மையைச் சொன்னால் எனக்கு உள்ளூரச் சந்தோஷம். படித்ததைக் காட்ட ஒரு நாள் வந்துவிட்டதே! வோல்டேஜ் பார்த்தேன், மூன்று பேஸிலும் குறைவில்லை. பெல்ட்டின் இறுக்கம் பார்த்தேன், சரி. மோட்டாரின் காற்று வழியில் கல் தூசு அடைத்திருந்ததை சைக்கிள் பம்ப் வைத்து ஊதிச் சுத்தம் செய்தேன். எல்லாவற்றையும் நோட்டில் வரிசையாக எழுதி, அடியில் கோடு போட்டேன். சுவிட்சைப் போட்டோம். முக்கால் மணி ஓடியது; நின்றது.

அக்கா முதல் நாளிலிருந்தே ஒன்றைத்தான் சொல்லிக்கொண்டிருந்தாள். "மோட்டார வுடு. மூடியத் தொற."

"மூடிக்கும் சூட்டுக்கும் இன்னா?" என்று ஃபிட்டர் எரிந்து விழுந்தார். "சுடுறது மோட்டாரு. இவ மூடியத் தொறக்கச் சொல்றா."

மூன்றாம் நாள், "காயில் போச்சி, உள்ள சுத்துன கம்பி கருகிடிச்சி" என்று மோட்டாரையே இறக்கிவிட்டு, ஸ்டோரில் இருந்த ஸ்பேர் மோட்டாரை மாட்டினார். நான்காம் நாள் காலை, அந்தப் புது மோட்டாரும் கருகல் வாடை அடித்தது.

எனக்குத் தலைக்குள் ஒரு பொறி தட்டியது. இரண்டு மோட்டாருக்கும் ஒரே நோய் வராது! அப்படியென்றால் கோளாறு மோட்டாரில் இல்லை. இதைச் சொல்ல வாயைத் திறந்தேன். ஃபிட்டர் முந்திக்கொண்டார்.

"பாத்தீங்களா சார்? மோட்டார மாத்தியும் அதே கதைதான். அப்ப கோளாறு மோட்டார்ல இல்ல. ஆளுகிட்டதான். கல்ல வெச்சி எருமை மாடு மாரி முட்டிக்கினு தள்ளுறா. எந்த மோட்டாரு தாங்கும்? என் மச்சான் வரட்டும், ஒரே நாள்ல பாருங்க."

அக்காவின் கை, மேஜைமேல் கல்லைப் பிடித்தபடியே இருந்தது.

மேனேஜர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ரோலிங் மில் ஒன்றின் உலை வளைவுக்கு அறுத்த கற்கள் அன்று மாலை ஐந்து மணி லாரியில் போகவேண்டும். அங்கே உலையை இடித்துப் போட்டுவிட்டுக் காத்திருந்தார்கள். பாதிக் கல்கூட ஆகவில்லை.

"அக்கா, கோவிச்சுக்காதே. மதியம் சங்கு வரைக்கும் பாக்கறேன். இந்த மோட்டாரும் போச்சுன்னா, நீ பழையபடி கல்லு சுமக்கப் போயிடு. மிஷினுக்கு அந்தப் பையனை வரச் சொல்லிடலாம்."

"மூணு மாசம் இதே கைதான ஐயா தள்ளிச்சி? அப்ப சுடலியே?"

மேனேஜர் ஆபீஸுக்குப் போய்விட்டார்.

எல்லோரும் கலைந்தார்கள். அக்கா மிஷின் முன்னால் நின்றாள். முகம் இறுகியிருந்தது. பிறகு சட்டென்று என்னைப் பார்த்து, "டிப்ளமா, உன் கண்ணாடிப் பெட்டிய எடுத்துக்கினு வா" என்றாள். என் அம்மீட்டரை அவள் அப்படித்தான் சொல்வாள். ஓடிப்போய் எடுத்துவந்தேன்.

கல் இல்லாமல் மிஷினை வெறுமனே ஓட்டினோம். பத்து நிமிஷம். அம்மீட்டர் முள் இருக்கவேண்டிய இடத்தில் சமர்த்தாக நின்றது. நிறுத்தினோம். அக்கா மோட்டாரின் மேல் புறங்கையை வைத்தாள். "வெதுவெதுன்னு கீது. இது நல்ல ஒடம்பு."

"கல்லு வெச்சி ஓட்டுக்கா!"

கல்லை வைத்தாள். தள்ளினாள். முள் ஏறியது, ஏறியது, சிவப்புக் கோட்டைத் தாண்டியது. "அறுக்கறப்போதான் ஏறுது அக்கா! வெறுமனே சுத்தினா ஏறல!"

"கத்தாதே" என்றாள். அறுத்த கல்லை எடுத்தாள். தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. வெட்டுப்பட்ட முகத்தில் புறங்கையை வைத்தாள். அப்படியே என் கையைப் பிடித்து இழுத்து அதே இடத்தில் வைத்தாள். சுட்டது!

"டிப்ளமா, நீ படிச்சவன், சொல்லு. தண்ணி ஊத்த ஊத்த, ஈரக் கல்லு சுடுமா?"

"சுடாது."

"இது சுடுது. இன்னா அர்த்தம்? இது அறுக்கல. தேய்க்குது. ரெண்டு உள்ளங்கைய சேத்து தேச்சா சுடுதில்ல? அந்த மாரி. நான் எருமையா முட்டல. இது அறுக்க மாட்டேங்குது, அதனால நான் முட்டுறேன். நான் முட்டுறதால மோட்டாரு மூச்சு வாங்குது. ஜொரம் மோட்டாருக்கு. புண்ணு பிளேடுல. மூடியத் தொறடா!"

மெயின் சுவிட்சை இறக்கி, ஃபியூஸையும் பிடுங்கி என் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். ஸ்பானரை எடுத்து நான்கு போல்ட்டையும் கழற்றினேன். அவசரத்தில் ஒன்று உருண்டு மேஜைக்கு அடியில் போய்விட்டது. மூடியைத் தூக்கினேன். பிளேடு முழுக்கச் சாம்பல் நிறக் கல்சேறு அப்பியிருந்தது.

அக்கா முந்தானையால் ஒரு துடை துடைத்தாள். விரல் நுனியை வைத்து, பழைய வழக்கப்படி ஒரு சுற்றுத் தடவினாள். நின்றாள். திரும்பத் தடவினாள். அவள் நெற்றி சுருங்கியது. விரல் வேகமாக ஓடியது. வீட்டில் வைத்த சாவியை இருட்டில் தேடுகிறவள் மாதிரி அந்தப் பிளேடு முழுக்கத் துழாவினாள்.

"டிப்ளமா... எழுத்தக் காணோம்."

"எந்த எழுத்து?"

"இங்க எழுத்து கீறியிருக்கும்டா. தெனம் காலைல தடவுவேனே! ஒரு வளைவு, ரெண்டு குச்சி, அப்பறம் மீன்முள்ளு மாரி ஒண்ணு, ஒரு பக்கம் முனையா. இது மொழுக்குன்னு கீது!"

எழுத்து படிக்கத் தெரிந்தவன் நான். அந்த எழுத்தை என் கண் மூன்று மாதம் பார்த்தது. அதில் என்ன இருந்தது என்று கேட்டால் எனக்குத் தெரியாது. ஒரு எழுத்தும் படிக்காத அவள் விரலுக்கு அது மனப்பாடமாக இருந்தது!

மீன்முள். ஒரு பக்கம் முனை வைத்த மீன்முள். அது எழுத்தே இல்லை, அம்புக்குறி! பிளேடு எந்தப் பக்கம் சுற்றவேண்டும் என்று வெட்டிய அம்புக்குறி! வைரப் பொடிக்கு ஒரு வாட்டம் உண்டு. அந்த வாட்டத்தில் சுற்றினால் அறுக்கும். எதிர்வாட்டத்தில் சுற்றினால் மழுங்கித் தேய்க்கும். நான் பொட்டு முன்னால் தெரியட்டும் என்று பிளேடைத் திருப்பிப் போட்டிருந்தேன். எழுத்தும் அம்பும் ஐந்து நாளாக மோட்டாரைப் பார்த்துக்கொண்டு நின்றிருந்தன.

"அக்கா" என்றேன்.

அவள் என் முகத்தைப் பார்த்தாள். ஒரு நொடிதான். எல்லாம் விளங்கிவிட்டது அவளுக்கு. "அப்பறம் அழுவலாம். நட்டக் கழட்டு" என்றாள்.

பிளேடைக் கழற்றித் திருப்பினோம். இருந்தது! சேற்றுக்குள்ளே எழுத்து, எழுத்துக்குப் பக்கத்தில் அம்பு. மாட்டினோம். மூடியைப் போட்டோம். மேஜைக்கடியில் படுத்து அந்த நான்காவது போல்ட்டையும் எடுத்து இறுக்கினேன். ஃபியூஸைச் செருகினேன். அக்கா நெருப்புக்கல்லை எடுக்காமல், வெளியே சுவர் கட்ட வைத்திருந்த மணல் கலந்த நாட்டுச் செங்கல் நாலைந்தைக் கொண்டுவந்தாள். "மழுங்கிப் போய்க்கீது. மொதல்ல சாணை பிடிக்கணும்." அந்தப் பொலபொலக்கிற செங்கல்லை ஒன்றன்பின் ஒன்றாக அறுத்தாள். மேஜையில் தண்ணீர் சிவப்பாக ஓடியது. மூன்றாவது செங்கல்லிலேயே சத்தம் மாறியது. கர்ரென்று உறுமிக்கொண்டிருந்தது, ஸ்ஸ்ஸ் என்று இறங்கியது. ஐந்து நாளாகக் கேட்காத சத்தம்! ஷெட்டின் அந்தக் கோடியில் கல் அடுக்கிக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

பிறகு நெருப்புக்கல். தள்ளினாள். நான் முள்ளைப் பார்த்தேன். சிவப்புக் கோட்டுக்கு வெகு கீழே, பாதியில் நின்றது. நான் துள்ளிக் குதித்திருப்பேன். அக்கா கல்லை எடுத்துப் புறங்கையை வைத்தாள். என்னிடம் நீட்டினாள். ஜில்லென்று இருந்தது.

மதியச் சங்கு ஊதியது. அக்கா நிறுத்தவில்லை. மேனேஜரும் ஃபிட்டரும் வந்து நின்றார்கள். இரண்டு மணி நேரமாக மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. கல் அடுக்கு இடுப்பளவு ஏறியிருந்தது. அக்கா சுவிட்சை அணைத்து, பிளேடு நிற்கும்வரை காத்திருந்து, "ஐயா, மோட்டார தொட்டுப் பாருங்க" என்றாள்.

மேனேஜர் எந்த மிஷினையும் தொட்டு நான் பார்த்ததில்லை. தயங்கித் தயங்கி ஒரு விரலை வைத்தார். பிறகு உள்ளங்கையை. "அட!" என்றார்.

"அந்தப் பக்கம் வேணாம் ஐயா, கையத் திருப்புங்க."

மேனேஜர் கையைத் திருப்பி வைத்தார். ஃபிட்டர் தொட்டார். கல் சுமக்கிறவர்கள் ஒவ்வொருவராக வந்து தொட்டார்கள். சாமி பாதம் தொடுகிற மாதிரி வரிசை நின்றுவிட்டது.

"என்னதான் ஆச்சு இதுக்கு?" என்றார் மேனேஜர்.

"பிளேடு திரும்பிக்கினு இருந்திச்சி ஐயா. நேரா மாட்டிட்டோம்."

"திரும்பியா? யார் மாட்டினது?"

"யாரு மாட்னா இன்னா ஐயா? லாரி அஞ்சு மணிக்கு வருது."

அவள் என் பக்கம் திரும்பவே இல்லை. என் டிரெயினி காலம் முடிய இன்னும் ஒரு மாதம் இருந்தது. பேசாமல் இருந்திருந்தால் பேச்சு அத்தோடு போயிருக்கும். ஆனால் காலையில் இதே இடத்தில், இதே ஆட்கள் முன்னால், எருமை மாடு என்ற சொல் விழுந்திருக்கிறது.

"நான்தான் சார் மாட்டினேன். ஆயுத பூஜை அன்னிக்கு" என்றேன்.

மேனேஜர் வாயைத் திறப்பதற்குள் ஃபிட்டர் தொண்டையைச் செருமினார். நான் கொஞ்சமும் எதிர்பார்க்கவில்லை. "பையன் மொதல்ல சரியாத்தான் மாட்னான் சார். பொட்டு முன்னால வரணும்னு திருப்பச் சொன்னது நானு."

மேனேஜர் எங்கள் இருவரையும் பார்த்தார். பிறகு எதையோ நினைத்துக்கொண்டவர் போல மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ரொம்ப லட்சணமா இருக்குன்னு சொன்னது நான்" என்றார்.

அக்கா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்:

"நான் அன்னிக்குப் பொரி மடிச்சிக்கினு இருந்தேன்."

முதலில் சிரித்தது வாட்ச்மேன். அப்புறம் தகரக் கூரை அதிரும்படி எல்லோரும் சிரித்தோம். ஃபிட்டர் தலையைச் சொறிந்துகொண்டே சிரித்தார். மேனேஜர் சிரிப்பை அடக்கிக்கொண்டு என்னிடம், "உனக்கு டிரெயினி காலம் மூணு மாசம் கூட" என்றார். அக்காவிடம், "நீ ஓட்டு" என்று மட்டும் சொன்னார். மச்சான் பேச்சை அதன்பிறகு யாரும் எடுக்கவில்லை. லாரி ஐந்தரைக்குக் கிளம்பியது. கடைசிக் கல்லை ஏற்றும்போதும் அக்கா அதைத் தொட்டுத்தான் அனுப்பினாள்.

நான் இப்போது வேறு கம்பெனியில் இருக்கிறேன். அக்காவை நினைத்தால் முதலில் எனக்கு ஞாபகம் வருவது அதற்கு அடுத்த வருஷத்து ஆயுத பூஜை.

அன்று காலை ஃபிட்டரே சந்தனக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு கட்டிங் மிஷினிடம் வந்தார். பொரி மூட்டை ஒருபக்கம் பிரிக்காமல் கிடந்தது. பிளேடைக் கழுவித் துடைத்து மேஜைமேல் படுக்கவைத்து அக்கா உட்கார்ந்திருந்தாள். ஃபிட்டர் கிண்ணத்தை அவளிடம் நீட்டினார். "எந்தப் பக்கம் வெக்கணும், நீயே வெச்சிடுக்கா."

அக்கா சுண்டுவிரலால் சந்தனத்தைத் தொட்டாள். எழுத்துள்ள முகத்தில், அந்த அம்புக்குறியின் பள்ளத்துக்குள் மட்டும், வெளியே வழியாமல், மெள்ள மெள்ள நிரப்பினாள். எஃகின் மேல் மஞ்சளாக ஒரு மீன்முள் எழுந்து நின்றது. அதன் முனையில் ஒரே ஒரு குங்குமப் பொட்டு.

ஃபிட்டர் குனிந்து பார்த்தார். "இன்னாக்கா இது, சாமிக்கு வழி காட்டுறியா?"

அக்கா புறங்கையால் என் கன்னத்தில் ஒரு தட்டுத் தட்டினாள்.

"சாமிக்குத் தெரியும்யா. இது டிப்ளமாவுக்கு."